திருநங்கைகளுக்குக் கவுன்சலிங்: "எப்போதிருந்து பெண்ணாக உணர்ந்தாய்" என்று கேட்பதற்கு முன்னால்

அரசலாற்றங்கரை (கும்பகோணம்)

11 வருடமாக மனநல ஆலோசகராக இருக்கிறேன். என்னிடம் வருகிற திருநங்கைகளில் பாதிப் பேர் ஹார்மோனுக்கோ ஆபரேஷனுக்கோ மருத்துவருக்குக் கொடுக்க ஒரு கடிதம் கேட்டுத்தான் முதலில் வருவார்கள். கடிதத்துக்கு வழக்கமாகக் கேட்கிற கேள்விகள் இருக்கின்றன. எந்த வயதிலிருந்து இப்படித் தோன்றியது, சின்னதில் யாரோடு விளையாடினாய், என்ன உடை போட்டுப் பார்த்தாய். பதிலும் தயாராக இருக்கும். "சின்ன வயசுலேருந்தே பாவாடை கட்டுவேன், கோலம் போடுவேன், பொண்ணுங்களோடதான் வெளையாடுவேன்." ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிட்டு என் முகத்தைப் பார்ப்பார்கள். பாஸா ஃபெயிலா என்று பார்க்கிற பார்வை அது.

வளர்த்த விதத்தைப் பற்றி அந்தக் கேள்விகளில் ஒன்றுகூடக் கிடையாது. போன வருடம்தான் எனக்கு அது உறைத்தது. வலங்கைமான் பக்கத்திலிருந்து ஒரு பெண் வந்தாள், இருபத்தைந்து இருபத்தாறு வயது. (அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன். எழுதுவதற்கு அவளிடம் கேட்டும் விட்டேன்.) ஆடி மாதம். சும்மா பேச்சுக்கு, "உங்க ஊர்ல பதினெட்டாம் பெருக்கு எப்படி?" என்றேன்.

நம் பக்கத்தில் அன்றைக்கு ஆண் பிள்ளைகள் சப்பரம் கட்டித் தெருவெல்லாம் இழுத்துக்கொண்டு ஆற்றுக்குப் போவார்கள். பெண் பிள்ளைகள் அம்மா, சித்தி பின்னால் காதோலை கருகமணி, காப்பரிசி தட்டோடு படித்துறைக்குப் போவார்கள். இவளுக்கு அப்போது எட்டு வயது. சப்பரத்தைப் பிள்ளையார் கோவில் முனையிலேயே விட்டுவிட்டு அக்காவோடு போய் உட்கார்ந்துவிட்டாள். சித்தி வரிசையாக மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டு வந்தார். இவள் முறை வந்ததும் கழுத்தை நீட்டினாள். சித்தி சிரித்துக்கொண்டே, "ஆம்பளப் புள்ளைக்குக் கையிலதான்டா செல்லம்" என்று மணிக்கட்டைப் பிடித்துக் கட்டிவிட்டு, ஒரு பிடி காப்பரிசியும் கொடுத்து அனுப்பினார்.

யாரும் அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. ஆனால் அவள் அழுதது இதைச் சொல்லும்போதுதான். அப்பாவிடம் பெல்ட்டால் அடி வாங்கியதைச் சொன்னபோதுகூடக் கண் கலங்கவில்லை.

அதற்குப் பிறகு எல்லோரிடமும் இதைத்தான் முதலில் கேட்கிறேன். உன்னை ஆண் பிள்ளையாக ஆக்க வீட்டில் என்னென்ன சொல்லிக்கொடுத்தார்கள்? உன் அக்கா தங்கைக்கு என்ன சொன்னார்கள்? அதில் எதெல்லாம் உன் காதில் விழுந்தது? கடைசிக் கேள்விதான் முக்கியம். "கால அகட்டி உக்காராத" என்று தங்கையைத்தான் அம்மா அதட்டியிருப்பார், காலை ஒடுக்கி உட்கார்ந்தது இவளாக இருக்கும். "ஆம்பளப் புள்ள அழுவானா" என்று இவளைச் சொன்னதும் இறங்கியிருக்கும். ஒரே பிள்ளைக்கு இரண்டு பாடமும் ஏறியிருக்கிறது. ஒன்று வாய்விட்டுச் சொல்லிக்கொடுத்தது, இன்னொன்று ஒளிந்து நின்று கேட்டுக்கொண்டது. என் அறைக்குள் வரும்போது அழவும் தெரியாது, பொறுத்துக்கொள்வதுதான் பெண்மை என்ற எண்ணமும் கூடவே இருக்கும்.

இந்த வேலையில் இருப்பவர்கள், திருநங்கைத் தோழிகள், பெற்றோர், யாராக இருந்தாலும் உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்.

---

கடைமடை (வேதாரண்யம் பக்கம்)

நான் திருநங்கை. அக்கா சொன்னது சரி. ஆனால் நீங்கள் இரண்டு பாடத்தோடு நிறுத்திவிட்டீர்கள். எங்களுக்கு மூன்றாவது வளர்ப்பு ஒன்று இருக்கிறது, ஜமாத், திருநங்கைகள் கூடி வாழ்கிற எங்கள் குடும்பம்.

பதினேழு வயதில் வீட்டை விட்டுப் போனேன். என்னை மகளாக ஏற்ற குருவும், அவருக்கும் மூத்தவரான நானியும்தான் மறுபடி வளர்த்தார்கள். புடவைக் கொசுவம் வைக்க, பெரியவர்களைப் பார்த்தால் பாம்படுத்தி (எங்கள் வணக்கம்) சொல்ல, கை தட்ட, கடை கடையாகக் காசு கேட்கப் போனால் யாரிடம் சிரிக்க வேண்டும், யாரிடம் முறைக்க வேண்டும் என்று எல்லாம் அங்கே கற்றதுதான். என் அம்மா என் தங்கைக்கு "வெளியில சத்தம் போடாத" என்று சொல்லிக்கொடுத்தாள். என் குரு எனக்கு "சத்தம் போடு, இல்லாட்டி மிதிச்சிட்டுப் போயிடுவானுவோ" என்று சொல்லிக்கொடுத்தார். இரண்டும் பெண்ணுக்குச் சொன்ன பாடம்தான். எனக்கு உயிரைக் காப்பாற்றியது இரண்டாவது. கவுன்சலிங் என்று போனால், கை தட்டுவதை ஒரு கெட்ட பழக்கம் மாதிரி பார்க்கிறார்கள். யாரும் இல்லாத இடத்தில் அதுதான் எங்கள் விசில்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வீட்டில் இருந்தவரை ஆண் ஆட்களோடு வரப்பு வெட்டவும் நாற்றுக்கட்டு தூக்கவும் போவேன், ஆண் கூலி வாங்குவேன். ஆபரேஷன் முடிந்து சில வருடம் கழித்து ஊர்ப்பக்கம் வந்தபோது நடவுக் கோஷ்டியில் ஒரு அக்கா என்னைச் சேர்த்துக்கொண்டார். முதல் நாள் சாயங்காலம் கூலி கொடுத்தார்கள். அதே வயல், அதே சேறு, இடுப்பு ஒடிகிற வேலை, ஆண் கூலியைவிடக் கம்மி. எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? சந்தோஷம். என்னைப் பெண் கணக்கில் எழுதிவிட்டார்கள் என்று. நடவுக்கார அக்காவிடம் அதைச் சொல்லி மகிழ்ந்தேன். அவர் சேற்றுக் கையோடு என் தலையில் ஒரு குட்டு வைத்து, "அடி பைத்தியமே, கம்மியாக் குடுத்தா சந்தோசப்படுவியா? நாங்க இதுக்குத்தான் வருசம் பூரா மல்லுக்கு நிக்கிறோம்" என்றார்.

எந்தக் கவுன்சலரும் எனக்கு அதைச் சொன்னதில்லை. பெண்ணாக ஏற்றுக்கொள்ளப்படுவதும் பெண் என்று தாழ்த்தப்படுவதும் ஒரே கையிலிருந்து வரும், இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும் என்பது எனக்கு அந்த வரப்பில்தான் புரிந்தது.

பயமும் அப்படித்தான். என் தங்கைக்குப் பன்னிரண்டு வயதிலிருந்து இருட்டினால் தெருவுக்குப் போகாதே, பஸ்ஸில் ஓரமாக நில், யாராவது பின்னால் வந்தால் கடைக்குள் நுழைந்துவிடு என்று சொல்லிச் சொல்லி வளர்த்தார்கள். எனக்கு அதில் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. ராத்திரி ரெண்டு மணிக்கு பஸ் ஸ்டாண்டில் தனியாக நின்று நானாகத்தான் கற்றுக்கொண்டேன். எப்படிக் கற்றேன் என்று இங்கே எழுத மாட்டேன்.

---

ஐயாறு (திருவையாறு)

ஓய்வு பெற்ற ஆசிரியன். மனதில் இருப்பதை நேராகவே கேட்டுவிடுகிறேன், தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆண் பிள்ளையாக வளர்த்தது உள்ளே தங்கியிருக்கிறது என்று நாமே சொன்னால், "அப்போ அவங்க ஆம்பளைங்கதானே" என்று சொல்லக் காத்திருப்பவர்கள் இதைப் பிடித்துக்கொள்ள மாட்டார்களா? அப்படிப்பட்ட பேச்சை நான் நிறையக் கேட்டிருக்கிறேன். ஏற்கெனவே நொந்து வருகிறவர்களிடம் இந்தக் கேள்வியைக் கேட்பது புண்ணைக் கிளறுவது ஆகாதா?

---

அரசலாற்றங்கரை

சார், நியாயமான பயம். உங்கள் வகுப்பிலேயே பார்த்திருப்பீர்கள். இடது கைப் பழக்கம் உள்ள பிள்ளையை "சோத்துக்கையால எழுது" என்று அடித்து வலது கைக்கு மாற்றுவார்கள். பத்து வருடத்தில் கையெழுத்து வலது கையில் நன்றாகவே வந்துவிடும். ஆனால் பந்து வந்தால் பிடிக்க நீள்வது எந்தக் கை? பழக்கியது என்ன என்பது வேறு, அந்தப் பிள்ளை யார் என்பது வேறு. நான் கேட்பது பழக்கியதைப் பற்றி மட்டும்தான். அவள் பெண்ணா இல்லையா என்று என் அறையில் விசாரணை நடக்காது. 2014 ஏப்ரல் 15 அன்று உச்ச நீதிமன்றம், தன் பாலினத்தைத் தானே முடிவு செய்வது அவரவர் உரிமை என்று சொல்லிவிட்டது. என் வேலை அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

ஆனால் நீங்கள் சொல்கிற ஆபத்து இன்னொரு பக்கத்திலிருந்து உண்மையாகவே வருகிறது. வளர்ப்பைப் பற்றிக் கேட்க ஆரம்பித்த ஆலோசகர், மெல்ல மெல்லக் "காரணம்" தேடப் போய்விடுவார். பழைய கேஸ் ஷீட்டுகளில் நானே படித்திருக்கிறேன்: தந்தை வளைகுடாவில் வேலை, தாய் அதிகச் செல்லம், மூன்று சகோதரிகளுக்கு நடுவில் ஒரே மகன், ஆகவே இப்படி. நம் ஜில்லாக்களில் சிங்கப்பூரிலும் துபாயிலும் அப்பா இருக்கிற வீடு தெருவுக்குப் பத்து. அந்தப் பிள்ளைகள் எல்லாருமா திருநங்கை ஆகிவிட்டார்கள்? காரணம் தேடினால் அடுத்து "சரி செய்வது"தான். அதற்கு இப்போது இடமே கிடையாது. 2021 ஜூன் 7 அன்று சென்னை உயர் நீதிமன்றம், ஒருவரின் பாலின அடையாளத்தை மருத்துவ முறையில் மாற்றப் பார்ப்பதைத் தடை செய்தது. அந்த வழக்கை விசாரித்த நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், தனக்கே இது புரியவில்லை என்று சொல்லி, தீர்ப்புக்கு முன் ஒரு உளவியலாளரிடம் உட்கார்ந்து பேசினார். எனக்கு அந்தத் தீர்ப்பில் மிகவும் பிடித்த விஷயம் அதுதான். அடுத்த வருடம் தேசிய மருத்துவ ஆணையமும் இப்படி மாற்றப் பார்க்கும் சிகிச்சையை மருத்துவர்களின் தொழில்முறைத் தவறு என்று அறிவித்தது. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் திருநர் நிலை மனநோய் அத்தியாயத்திலிருந்து எடுக்கப்பட்டு, பாலியல் நலம் சார்ந்த அத்தியாயத்துக்குப் போய்விட்டது. 2022 ஜனவரி முதல் அந்தப் பட்டியல்தான் நடைமுறை.

ஆகவே, "ஏன் இப்படி ஆனாய்" என்பது தப்பான கேள்வி. "உன்மேல் எதையெல்லாம் ஏற்றினார்கள், அதில் எதை இறக்கி வைக்கணும், எதை வைத்துக்கொள்ளணும்" என்பதுதான் நான் கேட்பது.

கடைமடை, ஜமாத்தை நான் சேர்த்திருக்க வேண்டும். விட்டது என் தவறு. கை தட்டல் பற்றி நீங்கள் எழுதியதை என் நோட்டில் எழுதி வைத்துக்கொண்டேன்.

---

மன்னை அம்மா (மன்னார்குடி)

நான் ஒரு தாய். என் பிள்ளைக்கு 19 வயது. ஒரு வருடத்துக்கு முன் என்னிடம் சொன்னாள். இப்போது அவளை அவள் வைத்துக்கொண்ட பெயரில்தான் கூப்பிடுகிறேன். சில நேரம் வாய் தவறிவிடும்.

மேலே காரணம் தேடுவதைப் பற்றி எழுதியிருப்பதைப் படித்துவிட்டு ராத்திரி தூக்கம் வரவில்லை. ஆரம்பத்தில் ஒரு ஆலோசகரிடம் அழைத்துப் போனேன். ஊர் பெயர் வேண்டாம். அவர் பிள்ளையிடம் அரை மணி நேரம்கூடப் பேசவில்லை, என்னை உட்கார வைத்துக் கேட்டார். "பொண்ணு பொறக்கணும்னு ஆசைப்பட்டீங்களா? சின்னதுல கவுன் போட்டு, பூ வச்சு போட்டோ எடுத்தீங்களா?" எடுத்தோம். யார் வீட்டில்தான் எடுக்கவில்லை? ஒரு வயதில் கவுன் போட்டு, ரெட்டைப் பின்னல் கட்டி, கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு வைத்து ஸ்டூடியோவில் எடுத்த படம். வீட்டுக்கு வந்ததும் அதை ஆல்பத்திலிருந்து பிய்த்து அடுப்பில் போட்டேன். நான்தான் கெடுத்தேன் என்று எட்டு மாதம் நம்பிக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் பெரியவன் அவன் படத்தைக் காட்டினான். அவனுக்கும் அதே கவுன், அதே ஸ்டூடியோ. இப்போது லாரி ஓட்டுகிறான், இரண்டு பிள்ளைகளுக்கு அப்பா. "அம்மா, எனக்கும்தான போட்டீங்க" என்றான். அவளிடம் இன்றைக்கு அந்தப் படம் இல்லை. அவள் பெண் உடையில் இருந்த முதல் படம் அதுதான். அதை நான் எரித்துவிட்டேன். அவளுக்குத் தெரியும், என்னை ஒன்றும் சொல்லவில்லை.

இப்போது வேறு கவலை. காலேஜை நிறுத்திவிட்டாள். விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து வாசல் தெளிக்கிறாள், சமையல், பாத்திரம், துணி, அவள் அப்பாவுக்கு வெந்நீர், எல்லாம் அவளே. என்னை அடுப்படிக்குள் விடுவதில்லை. எல்லோரும் சாப்பிட்ட பிறகுதான் சாப்பிடுகிறாள். முதலில் எனக்குப் பெருமையாக இருந்தது, மறைக்கவில்லை. இப்போது கண்ணுக்குக் கீழே கருத்துப்போய், கை வெடித்து இருப்பதைப் பார்த்தால் பயமாக இருக்கிறது. என்ன செய்வது?

---

அரசலாற்றங்கரை

அம்மா, அந்தப் படத்தைப் பற்றி நீங்களாகவே ஒரு நாள் அவளிடம் பேசுங்கள். மன்னிப்பு கேட்டாலும் சரி, கேட்காமல் அழுதாலும் சரி. பேசாமல் விடாதீர்கள்.

இந்த வேலை விஷயத்தை நான் நிறையப் பார்க்கிறேன். தங்கைக்கோ அக்காவுக்கோ பிறந்த அன்றே கிடைத்த பெண் என்ற பெயரை இவர்கள் உழைத்துச் சம்பாதிக்க வேண்டும் என்று நினைக்கிறார்கள். நல்ல பெண் யார் என்று சின்ன வயதில் யாரைப் பார்த்துப் படித்தார்கள்? உங்களைத்தான். நாலு மணிக்கு எழுந்து, கடைசியில் சாப்பிட்டு, கை வெடித்து நின்றது யார்? அவள் உங்களைப் பார்த்து எழுதிக்கொண்டிருக்கிறாள் அம்மா. இதை மனம் நோகச் சொல்லவில்லை.

"வேலை செய்யாதே" என்று சொன்னால், "நீ பெண் இல்லை" என்று சொன்ன மாதிரி அவள் காதில் விழும். அதனால் அதைச் சொல்லாதீர்கள். நீங்கள் முதலில் உட்காருங்கள். எல்லோரோடும் சேர்ந்து நீங்கள் ஒரு வேளை சாப்பிடுங்கள், அவளைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். அவள் அப்பா தன் தட்டைத் தானே கழுவட்டும். அப்புறம் காலேஜ் ஏன் நின்றது என்று கேளுங்கள். படிப்பு பிடிக்காமலா, அங்கே கழிப்பறைக்குப் போக முடியாமலா, பசங்க பேச்சு தாங்காமலா? மூன்றுக்கும் வழி வேறு வேறு.

---

தஞ்சை மருத்துவர்

மனநல மருத்துவர். இரண்டு விஷயம் மட்டும் சேர்க்கிறேன்.

ஒன்று, கோபம். மற்ற பெண்கள் கோபப்பட்டால் "வாயாடி" என்பார்கள். திருநங்கை கோபப்பட்டால் "ஆம்பளத்தனம் போகல பாரு" என்பார்கள். இந்த ஒரு வாக்கியத்துக்குப் பயந்து கோபத்தை விழுங்கி விழுங்கி, தூக்கம் கெட்டு, கையைக் கீறிக்கொண்டு வருபவர்களைப் பார்க்கிறேன். ஆலோசகரே அந்தக் கோபத்தை "ஆண் வளர்ப்பின் மிச்சம்" என்று எழுதிவிட்டால் கதவு மூடிவிடும். வாடகைக்கு வீடு தர மறுத்தவன்மேல் வருகிற கோபம் வளர்ப்பிலிருந்து வருவதில்லை, அது மனுஷிக்கு வருகிற கோபம்.

இரண்டாவது, ஹார்மோன். ஆரம்பித்த பிறகு அழுகை சுலபமாக வருகிறது என்று பலர் சொல்கிறார்கள். மருந்தும் காரணமாக இருக்கலாம், இனி அழலாம் என்று மனம் அனுமதித்ததும் காரணமாக இருக்கலாம். எல்லாவற்றையும் மாத்திரைமேல் போட வேண்டாம். அதோடு ஒரு வேண்டுகோள்: மெடிக்கல் ஷாப்பில் கருத்தடை மாத்திரை வாங்கி, தோழி சொன்ன அளவில் இரட்டிப்பாக விழுங்காதீர்கள். அதில் இருக்கிற வகை ஈஸ்ட்ரோஜனால் காலிலும் நுரையீரலிலும் ரத்தம் உறையும் ஆபத்து அதிகம். பீடி, சிகரெட் பழக்கம் இருந்தால் இன்னும் அதிகம். மருத்துவரிடம் வாருங்கள், ரத்தப் பரிசோதனையோடு செய்யலாம்.

---

கடைமடை

டாக்டர் சொன்ன மாத்திரை விஷயத்தை எங்கள் வீட்டு மகள்களுக்குப் படித்துக் காட்டினேன். நன்றி.

எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். எழுதிவிடுகிறேன். போன தை மாதம் அப்பா தவறிவிட்டார். நான் ஒரே "பையன்", அப்புறம் இரண்டு தங்கைகள். சின்ன வயதில் அப்பா என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு வாய்க்கால் ஓரமாக நடக்கும்போது, "நீதான்டா எனக்குக் கொள்ளி போடணும்" என்பார். ஐந்து வயதில் அதற்கு அர்த்தம் தெரியாது, ஏதோ பெரிய பரிசு என்று நினைத்துக்கொள்வேன். அவர் என்னிடம் அவ்வளவு பாசமாகப் பேசியது அந்த ஒரு விஷயத்தைத்தான்.

செய்தி வந்ததும் சித்தப்பா போன் செய்தார். "முடிய எடுத்துட்டு, வேட்டி கட்டிக்கிட்டு வா. இல்லன்னா வராத." பஸ்ஸில் உட்கார்ந்து எனக்குத் தெரிந்த ஒரு ஆலோசகருக்கு போன் போட்டேன். அவர் போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. "கொள்ளி வைக்கணும்னு உனக்கு ஆசையா, இல்ல அவங்களுக்காகவா?" என்று கேட்டார். எனக்கு ஆசைதான். எனக்குத்தான் ஆசை. ஆனால் அதற்கு விலையாக நான் பையனாக வேண்டும். வேதாரண்யம் வரைக்கும் அந்தப் போனிலேயே இருந்தார், பேசாமல்.

புடவையில்தான் போனேன். சித்தப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். குளிப்பாட்டி முடித்து வாய்க்கரிசி போடும் நேரம், அத்தை சத்தமாக, "பொண்ணுவோ எல்லாம் வாங்கடி" என்றார். தங்கைகள் எழுந்தார்கள். நான் தூணோரம் நின்றேன். அத்தை வந்து என் மணிக்கட்டைப் பிடித்து, "ஒனக்குத் தனியாச் சொல்லணுமா?" என்று இழுத்துப்போய் வரிசையில் மூத்தவளாக நிறுத்தினார். அப்பா வாயில் முதல் அரிசி நான்தான் போட்டேன். கொள்ளி வைத்தது சித்தப்பா பையன். பெண்கள் சுடுகாட்டுக்குப் போகக் கூடாது என்று நானும் தெருமுனையோடு நின்றுவிட்டேன்.

எனக்கு வேண்டியதெல்லாம் அன்றைக்குக் கிடைத்தது, ஊருக்கு முன்னால் மகள் என்று நிறுத்தினார்கள். அப்பாவுக்குக் கொடுத்த வாக்கு போய்விட்டது. இந்த இரண்டையும் சேர்த்து யாரிடம் சொன்னாலும், ஒன்று "அதான் மகளா ஏத்துக்கிட்டாங்களே" என்கிறார்கள், இல்லாவிட்டால் "அப்ப உனக்கு இன்னும் பையன்னு நெனப்பு இருக்கா" என்கிறார்கள். அந்த ஆலோசகர் மட்டும்தான் இரண்டு பக்கமும் இழுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார். ஆடி அமாவாசைக்குப் பூம்புகார் போய்க் காவிரி கடலில் விழுகிற இடத்தில் முழுகிவிட்டு வந்தேன். மந்திரம் எதுவும் தெரியாது. அப்பா என்று கூப்பிட்டேன்.

---

ஐயாறு

படித்துவிட்டு வெகு நேரம் உட்கார்ந்திருந்தேன் அம்மா. புண்ணைக் கிளறுவது என்று எழுதியதை நான் திரும்பப் பெறுகிறேன். கேட்காமல் விட்டால்தான் உள்ளேயே சீழ் பிடிக்கிறது.

நீங்கள் மூன்றாவது வளர்ப்பு என்று சொன்னதும் எனக்குத் திருநங்கையான பரதக் கலைஞர் நர்த்தகி நடராஜ் நினைவு வந்தது. மதுரையிலிருந்து தஞ்சாவூருக்கு வந்து, தஞ்சை நால்வர் வழிவந்த கிட்டப்பா பிள்ளையிடம் பல வருடம் கூட இருந்து பரதம் கற்றவர். 2019ல் பத்மஸ்ரீ பெற்றார். இந்த மண்ணில் ஒரு ஆசான் கதவைத் திறந்துவைத்தார். நான் 34 வருடம் வாத்தியாராக இருந்தேன். என் வகுப்பில் குரல் உடையாத, நடையைப் பார்த்து மற்ற பையன்கள் சிரித்த இரண்டு பிள்ளைகள் இருந்தார்கள். இருவரும் ஒன்பதாவதோடு நின்றுவிட்டார்கள். "ஆம்பள மாதிரி நட" என்று நானும் சொல்லியிருக்கிறேன், நல்லதுக்கு என்று நினைத்து. அவர்கள் இப்போது எங்கே என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.

---

மன்னை அம்மா

நேற்று நான் உட்கார்ந்தேன், எல்லோரும் சேர்ந்து சாப்பிட்டோம். அவளுக்குச் சோறு இறங்கவில்லை, இரண்டு தடவை எழுந்து எழுந்து ரசம் எடுக்கப் போனாள். மூன்றாவது தடவை அவள் அப்பா எழுந்து போய் எடுத்து வந்தார். காலேஜ் பற்றிக் கேட்டேன். கழிப்பறைதான். காலையிலிருந்து சாயங்காலம்வரை தண்ணீரே குடிக்காமல் இருந்திருக்கிறாள். எனக்குத் தெரியாமல் போய்விட்டது. திங்கட்கிழமை முதல்வரைப் பார்க்கப் போகிறோம், பெரியவனும் வருகிறான்.

---

அரசலாற்றங்கரை

முதல்வரிடம் வாய்ப்பேச்சோடு விடாமல், எழுதிக் கொடுத்து நகல் வாங்கிக்கொள்ளுங்கள் அம்மா. மனு எழுத உதவி வேண்டுமானால் தனிச்செய்தி அனுப்புங்கள்.

எல்லோரிடமும் ஒன்று கேட்க வேண்டும். கும்பகோணம், மயிலாடுதுறை, திருவாரூர் பக்கம் இருக்கிற ஆலோசகர்கள் பத்துப் பதினைந்து பேரை ஒரு நாள் உட்கார வைக்கலாம் என்று நினைக்கிறேன். கடைமடை, நீங்களும் உங்கள் நானியும் வந்து பேசுவீர்களா?

---

கடைமடை

நானியிடம் கேட்டேன். வருகிறாராம். மூன்று விஷயம் சொல்லச் சொன்னார். எங்கள் நாலு பேருக்கு பஸ் காசும் அன்றைக்குக் கடை கேட்காமல் விடுகிற வரும்படியும் கொடுத்துவிட வேண்டும். எங்களைப் பார்த்து யாரும் குறிப்பு எழுதக் கூடாது, வேண்டுமானால் கேள்வி கேட்கலாம். சாப்பாடு எல்லோருக்கும் ஒரே பந்தி.

வெள்ளிக்கிழமை மட்டும் வேண்டாம். மற்ற நாள் எதுவானாலும் சரி.